சொட்டுச் சொட்டாய் ஒரு சுற்றுலா!

சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது விடிகாலை மணி நாலரை. தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு செட் துணி, ஒரு நோட்டுப் புத்தகம், மனைவி மடித்து வைத்து அனுப்பிய எச்சரிக்கைகள், அப்புறம் அந்த வஸ்து!

பயப்படாதீர்கள். போலீஸ் பிடிக்கிற வஸ்து இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற தண்ணீர் ஃபில்டர். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, பார்ப்பதற்கு அச்சாக அதே மாதிரி. மேலே ஒரு பை, அதிலிருந்து நாலு அடி நீளக் குழாய், குழாயின் முனையில் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் குண்டாக ஒரு உருளை. பையில் எந்தத் தண்ணீரை ஊற்றி ஆணியில் மாட்டினாலும் கீழே சுத்தமான தண்ணீர் கொட்டுமாம். 'கொட்டும்' என்பது அட்டைப்பெட்டியின் வாசகம். என் வாசகம் வேறு. பின்னால் வருகிறது.

எனக்கு எதற்கு இந்தக் குளுக்கோஸ் பாட்டில் என்று கேட்பீர்கள். பி.காம் படிக்கும்போது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒரு மாதம் படுக்கை. கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே பயந்திருக்கிறேன். அன்றிலிருந்து வெளியூர்த் தண்ணீர் என்றால் எனக்கு வருமான வரி நோட்டீஸைப் பார்த்த மாதிரி. கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பயத்தில் பாதியை மனைவி ஏற்றுக்கொண்டாள். அதன் பலன்தான் இந்த ஃபில்டர். ஏற்காட்டுக்கு ஒரு தடவை எடுத்துப் போனோம். ஜம்மென்று வேலை செய்தது. திரும்பி வந்து பரணில் போட்டது எட்டு மாதத்துக்கு முன்னால்.

இந்தத் தடவை சேலம், சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று சமவெளியை ஒரு சுற்று சுற்றி வந்து எழுதலாம் என்று கிளம்பினேன். எழுதுவது ஒரு சாக்கு. எலச்சிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் என் கல்லூரி நண்பனின் வீடு இருக்கிறது. சேலத்தில் படித்த மூன்று வருஷமும் சனி, ஞாயிறு எனக்குச் சோறு போட்ட வீடு. காமாலை வந்தபோது கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, குடித்து முடிக்கிறவரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தது அவன் அம்மாதான். அந்த வீட்டுக்கு நான் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. போகாததற்குக் காரணம் ஒன்றும் கிடையாது. காரணம் இருந்தால்கூடச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

சரி, லாட்ஜுக்கு வருவோம்.

ரூமில் நுழைந்ததும் முதல் வேலையாகக் குழாய்த் தண்ணீரைப் பையில் பிடித்து மேஜை விளிம்பில் மாட்டினேன். கீழே டம்ளர். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் டம்ளர் வறண்டு கிடக்கிறது. பையில் தண்ணீர் அப்படியே. பையைப் பிசைந்தேன், குலுக்கினேன். 'டொக்' என்று ஒரு சொட்டு. பிறகு யோசித்து இன்னொன்று. எங்கள் பழைய ஆபீஸில் மெடிக்கல் பில் நகர்கிற வேகம்!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த உருளைக்குள் சேமியாவைக் கத்தையாகக் கட்டி வைத்த மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழலின் சுவரிலும் பொடித் துளைகள். துளையின் அளவு 0.1 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அந்தத் துளை வழியாகக் கசிந்து மறுபக்கம் போக வேண்டும். பாக்டீரியா போக முடியாது. அது பெரும்பாலும் அரை மைக்ரான், ஒரு மைக்ரான் இருக்கும். இவ்வளவு சின்ன வாசலில் தண்ணீரைத் தள்ள மோட்டார் கிடையாது. பை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ, அந்த உயரம்தான் தள்ளும்.

இங்கேதான் என் முதல் முட்டாள்தனம். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நான் மேஜையில் மாட்டிவிட்டு, மிச்சக் குழாயைப் பாம்பு மாதிரிச் சுருட்டி வைத்திருந்தேன். பைக்கும் கீழ் முனைக்கும் ஒன்றரை அடிதான். ஒரு கிலோவில் இருபதில் ஒரு பங்குகூட வராது. எழுந்து, சட்டை மாட்டுகிற ஆணியில் பையைத் தொங்கவிட்டு, குழாயை மடிப்பில்லாமல் நாலு அடிக்கும் நீட்டினேன். கிட்டத்தட்ட மூன்று மடங்கு அழுத்தம், செலவில்லாமல்! அடுத்தது காற்று. எட்டு மாதம் காய்ந்து கிடந்த குழல்களுக்குள் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. உருளையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டினேன். குழந்தைக்கு ஏப்பம் விடவைப்பது போல, குமிழி குமிழியாக வெளியே வந்தது.

சொட்டு, நூல் மாதிரித் தாரையாயிற்று. வெற்றி என்று நினைத்தேன். அரை லிட்டர் வருவதற்குள் மறுபடி சொட்டு!

பையின் அடியைப் பார்த்தேன். துருப்பிடித்த நிறத்தில் வண்டல். லாட்ஜின் மொட்டைமாடித் தொட்டியைக் கடைசியாக எந்த ஆட்சியில் கழுவினார்களோ. அடைப்பு எடுக்க, கூடவே ஒரு பெரிய சிரிஞ்ச் கொடுத்திருக்கிறார்கள். அதில் தண்ணீரை நிரப்பி, வெளியே வருகிற வாய் வழியாக உள்ளே அழுத்தித் தள்ள வேண்டும். உள்ளே ஒட்டிய அழுக்கு வந்த வழியே வெளியேறும். செய்தேன். ஆனால் எந்தத் தண்ணீரால்? அதே லாட்ஜ் குழாய்த் தண்ணீரால்! சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில் நானே என் கையால் வண்டலை ஏற்றினேன். பற்று வைக்க வேண்டிய இடத்தில் வரவு வைத்த கணக்கு. இருந்த சொட்டும் நின்றது.

ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பினேன்.

சேலத்துக்காரர்களிடம் தண்ணீர் பற்றிக் கேட்டால் பதில் ஒன்றாக இருக்காது, இரண்டாக இருக்கும். 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி'. நல்ல தண்ணி என்றால் காவிரி. மேட்டூரிலிருந்து குழாயில் வருவது. வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது பனமரத்துப்பட்டி ஏரி. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்த பிறகு காவிரி கைகொடுத்தது. உப்புத் தண்ணி என்றால் போர். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. சோப்பு போட்டால் நுரைக்காது, வக்கணையாகத் திரிந்து போகும். ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று தெரிகிற மேக்னசைட் சுரங்கங்களைப் பார்த்தாலே இந்த மண்ணின் ஜாதகம் பாதி புரிந்துவிடும். மெக்னீசியமும் கால்சியமும் கரைந்த தண்ணீர் கடினம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அந்தப் 'பொறுத்துக்கொள்ளலாம்' என்ற வார்த்தையில்தான் இந்தச் சமவெளியின் பல கிராமங்கள் குடித்தனம் நடத்துகின்றன.

என் ஃபில்டர் இந்த உப்பை ஒன்றும் செய்யாது. கரைந்த உப்பு துளை வழியாக ஜோராகப் போய்விடும். ஆனால் உப்பு ஃபில்டரைச் செய்யும்! தண்ணீர் காயும்போது சுண்ணாம்பு துளையிலேயே படிந்துவிடும். ஏற்காட்டிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் அலசாமல் பரணில் போட்டேனே, எட்டு மாதமாக உள்ளே காரை பூசிக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் கடைவீதியில் தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், காரட் துருவல், சிவப்பும் பச்சையுமாகச் சட்னி. கண்ணில் நீர் வந்தது. அன்றைக்கு என்னைச் சேர்ந்த பொருள்களில் தடையில்லாமல் வந்த ஒரே தண்ணீர் அதுதான்.

மறுநாள் காலை சங்ககிரி பஸ். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட மலைக்கோட்டை. வெயிலுக்குப் பயந்து அடிவாரத்திலேயே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திருச்செங்கோடு போனேன். அங்கே தப்பிக்கவில்லை. சுமார் 1,200 படி. மேலே வரை ரோடு இருக்கிறது, பஸ்ஸும் போகிறது. ஆனால் வீட்டில் 'படியேறித்தான் போவேன்' என்று வீரம் பேசிவிட்டு வந்திருந்தேன். பாதியில் பாட்டில் காலி. நிழலில் உட்கார்ந்து, ஒரு நம்பிக்கையில் பையில் தண்ணீர் பிடித்து ஃபில்டரை மரக்கிளையில் தொங்கவிட்டேன். இரண்டு குரங்குகள் வந்து பார்த்தன. சொட்டு விழாததைப் பார்த்து அவையே போய்விட்டன.

உச்சியில் அர்த்தநாரீஸ்வரர். மூலவர் காலடியில் ஊறுகிற தீர்த்தத்தைத்தான் கையில் விடுகிறார்கள். உள்ளங்கையில் தண்ணீர், தோளில் ஃபில்டர். ஒரு கணம் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பின்னால் நின்ற பாட்டி, "குடிச்சுட்டு நகருங்க தம்பி, வரிசை நிக்குதில்ல!" என்றார். குடித்துவிட்டேன்.

கீழே இறங்கினால் வேறு ஒரு கோயில். லாரிக் கோயில்! திருச்செங்கோட்டை ஊர் என்பதைவிட ஒரு பெரிய துளைக்கருவி என்று சொல்லலாம். 'டி.என். 34' நம்பர் போட்ட ரிக் வண்டியைப் பார்க்காத மாநிலம் இந்தியாவில் அபூர்வம். பக்கத்திலேயே கம்ப்ரசர் வண்டி. பத்துப் பதினைந்து பேர் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் போர் போட்டுவிட்டு வருவார்கள். எந்த ஊரில் வறட்சி என்றாலும் அங்கே நாமக்கல் மாவட்டத் தமிழ் கேட்கும். (நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தது 1997 ஜனவரி 1-ல். அதற்கு முன் இதெல்லாம் சேலம்தான்.)

டீக்கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை. கம்ப்ரசர் 'டுப் டுப்'பென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் இருந்த விஞ்ஞானி கண் விழித்தான். சிரிஞ்சால் போகாத அடைப்பு, காற்றடித்தால் போகாதா? உருளையை நீட்டினேன். பையனும் சந்தோஷமாக டியூபை எடுத்தான்.

"ஏனுங் சார், செத்த நிறுத்துங்க!"

டீ கிளாஸோடு ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயசிருக்கும். உள்ளங்கை முழுக்கக் கிரீஸ். ரிக் வண்டியில் முப்பது வருஷமாம்.

"அதுக்குள்ள என்னங்க இருக்குது?"

சேமியாக் கதையைச் சொன்னேன்.

"அப்ப அதுல இந்தக் காத்தை உட்டா கிழிஞ்சு போகுமுங்களே! நாங்க போர் போட்டு முடிச்சதும் கம்ப்ரசர் வச்சு அடிச்சு ஊதுவோமுங்க. வெடிப்புல அடைச்ச மண்ணு, கல்லுப்பொடி எல்லாம் வெளிய வந்துரும். அது பாறைங்க, தாங்கும். உங்க சேமியா தாங்குமுங்களா?"

"கிழிந்தால் தெரியாதுங்களா?"

"அங்கதானுங்க சூட்சுமம் இருக்குது. கிழிஞ்சா தண்ணி ஜோரா வரும். நீங்க 'அட, சரியாயிருச்சு'ன்னு குடிப்பீங்க."

நான் உருளையை அவசரமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மெதுவாக வருகிற ஃபில்டருக்கு வைத்தியம் உண்டு. எந்த வைத்தியமும் செய்யாமல் திடீரென்று வேகமாக வருகிற ஃபில்டரைத்தான் குப்பையில் போட வேண்டும். இந்த விஷயம் அட்டைப்பெட்டியில் இல்லை.

அவரே இன்னொரு டீ சொல்லிவிட்டு, இந்தப் பக்கத்துப் பூமியைப் பற்றிப் பாடம் எடுத்தார். தஞ்சாவூர் மாதிரி மணலும் வண்டலும் அடுக்கடுக்காக இருந்து, அதில் தண்ணீர் தேங்கி நிற்கிற பூமி இல்லை இது. மேலே கொஞ்சம் மண், அதன் கீழே கொஞ்சம் மக்கின பாறை, அப்புறம் ஒரே கடும்பாறை. தண்ணீர் இருந்தால் அந்தப் பாறையின் வெடிப்பில்தான். வெடிப்பில் சிக்கினால் ராஜா. இரண்டடி தள்ளிப் போட்டால் புழுதிதான். "பணம் குடுக்கறவங்க மொகத்தைப் பாக்கவே முடியாதுங்க சார், புழுதி மட்டும் வரும்போது" என்றார். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

மத்தியானம் நண்பனின் வீட்டுத் திண்ணை.

அவன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறான். போனில் சொல்லியிருந்தான். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது.

"வா கண்ணு... இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? என்னப்பா இப்பிடி எளைச்சுப் போயிட்ட?"

(எண்பத்திரண்டு கிலோ இருக்கிறேன். அம்மாக்களின் தராசு வேறு.)

உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார். கொங்குச் சீமையில் வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் நீட்டுவது அதைத்தான். அப்புறம்தான் எந்தப் பேச்சும்.

வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. இருந்தும் என் கை என்ன செய்தது தெரியுமா? சொம்பை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷமுங்கம்மா" என்று பையைத் திறந்தது. பதினைந்து வருஷப் பழக்கம். யோசிக்கிற வேலையே இல்லை. சொம்புத் தண்ணீரைப் பையில் ஊற்றி, தூணில் இருந்த ஆணியில் மாட்டி, குழாயை நீட்டி...

சொட்டு.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளேயிருந்து வந்த அப்பாவும் பார்த்தார். அடுத்த சொட்டுக்குள் பஸ் ஒன்று ரோட்டைக் கடந்து போயிற்று. மூன்றாவது சொட்டுக்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"ஏங் கண்ணு... நம்மூட்டுத் தண்ணி வேண்டாமா?"

"ஐயோ, அப்படி இல்லீங்கம்மா. டாக்டர்..." என்று இல்லாத டாக்டரை இழுத்தேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்தார். குரல் தணிந்துதான் இருந்தது.

"உனக்குக் காமாலை வந்துச்சே, அன்னிக்கிருந்து இந்த ஊட்டுல நான் பச்சைத்தண்ணி யாருக்கும் குடுத்ததில்ல சாமி. என்ர ஊட்டுத் தண்ணியக் குடிச்சுத்தான் அந்தப் புள்ளைக்கு வந்துச்சுன்னு எனக்குள்ள ஒரு இது. உங்க அம்மா மொகத்துல எப்படி முழிக்கறதுன்னு இருந்தேன். தெனமும் ஒரு குண்டா காய்ச்சி ஆற வச்சுத்தான்... இதுவும் காய்ச்சினதுதான் கண்ணு."

பதினைந்து வருஷமாக! நான் மறந்தே போன ஒரு காமாலைக்காக, ஒருத்தர் தினமும் அடுப்பு மூட்டியிருக்கிறார். நானோ அவர் கண் முன்னாலேயே அவர் தண்ணீரைத் தூணில் கட்டித் தொங்கவிட்டு விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அவருக்கு நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. மளமளவென்று சொன்னேன். அந்தக் காமாலைக் கிருமி உடம்பில் புகுந்து தலைகாட்ட இரண்டு வாரத்திலிருந்து நாலு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் எந்த வீட்டில், எந்தக் கடையில் குடித்தது என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. வாரத்தில் ஐந்து நாள் நான் குடித்தது ஹாஸ்டல் தண்ணீர். அந்தத் தொட்டியில் ஒரு தடவை காக்காய் மிதந்தது. பாதி ஹாஸ்டல் அந்த வருஷம் மஞ்சளாக இருந்தது. "உங்க வீட்டால இல்லீங்கம்மா. உங்க வீட்டாலதான் நான் எழுந்து உட்கார்ந்தேன்."

"நெசமாத்தான் சொல்றயா?"

"சத்தியமாங்கம்மா."

அப்பா லேசாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு மாட்டுப் பக்கம் போய்விட்டார்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு மதிய சோறு இறங்கியிருக்காது. காமாலைக் கிருமி வைரஸ் ஜாதி. அதன் அளவு சுமார் 0.03 மைக்ரான். என் ஃபில்டரின் துளை 0.1. அதாவது எந்த நோய்க்குப் பயந்து இந்தக் குளுக்கோஸ் பாட்டிலைச் சுமந்து திரிகிறேனோ, அந்த நோயை இது தடுக்கவே தடுக்காது! பேதி, டைபாய்டு பாக்டீரியாவை நிறுத்தும். காமாலை வைரஸ் குனியாமலே உள்ளே போய்விடும். அதைக் கொல்வது நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிஷம் கொதித்த தண்ணீர். அது அம்மாவின் சொம்பில் இருந்தது. போதாக்குறைக்கு, லாட்ஜ் தண்ணீரைப் பின்பக்கமாக ஏற்றி உருளையின் சுத்தமான பக்கத்தையும் நான் கெடுத்து வைத்திருந்தேன். காய்ச்சின தண்ணீரை அதில் விட்டுக் குடிப்பது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டை போடுகிற கதை.

இன்னொரு சொம்பு வந்தது. வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தேன். சீரகம் போட்டிருந்தார். அதற்கடியில் அந்த மண்ணின் உப்பு லேசாக. கல்லூரிக் காலத்தில் குடித்த அதே ருசி.

சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே ஆரம்பித்தார். "அந்த மிசினு எதுக்குச் சொட்டுது? எங்கொண்டா பாப்பம்." தண்ணீர் காய்ச்சுகிற குண்டாவைக் கொண்டுவந்து காட்டினார். அடியில் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவு. கொதிக்கும்போது கடினத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து அடியில் தங்கிவிடுகிறது. "இதுதான் உன்ர மிசினுக்குள்ளயும் இருக்கும். நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பேன். கரைஞ்சுரும்."

இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்தோம். சக்கை ஒரு துணுக்குப் போனாலும் புது அடைப்பு என்பதால் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினோம். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர். கொதிக்கிற தண்ணீர் கூடாது, குழல்கள் கெட்டுவிடும். உருளையை அதில் ஒரு மணி நேரம் மூழ்கவைத்தோம். வினிகர் இருந்தால் அதையும் ஊற்றலாம். அப்புறம் காய்ச்சி, ஆறி, தெளிந்த தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துப் பின்பக்கமாக அழுத்தினேன். முதல் சிரிஞ்சுக்கு என் கட்டைவிரல் வலித்தது. இரண்டாவதற்குச் செம்மண் நிறத்தில் ஒரு கரைசல் வந்தது. எட்டாவதற்குத் தண்ணீர் வெளுத்தது. பத்துப் பன்னிரண்டு தடவை.

அந்த ஒரு மணி நேரத்தில் அப்பா தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். மூன்று போர். முதலாவது முந்நூறு அடி, ஐந்து வருஷம் ஓடியது. இரண்டாவது எழுநூறு, புழுதி. மூன்றாவது ஆயிரத்து நூறு. அதில் மோட்டார் ஓடுகிறது, கடனும் ஓடுகிறது. "பையன் ஊரூராப் போயிப் போர் போடறான். இங்க ரெண்டாவதுல அவனே கூட நின்னுதான் போட்டான். புழுதி வந்தப்ப லீவரை உட்டுட்டு அப்பிடியே கீழ உக்காந்துட்டானுங்க" என்றார். குடிக்க மட்டும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரி, சில நாளைக்கு ஒரு முறை. வராத நாளில் போர்த் தண்ணியே கதி.

திரும்பி வந்து பையை மறுபடி தூணில் மாட்டினேன். இந்தத் தடவை பைக்குள்ளும் தெளிந்த தண்ணீர்தான். கலங்கல் தண்ணீரை ஒரு ராத்திரி தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றினால் பாதி அடைப்பு வரவே வராது என்று அதற்குள் புத்தி வந்திருந்தது. அந்தக் காலத்தில் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரசி வைத்ததும் இதே தெளிவுக்குத்தான். அம்மாவின் மாமியார் அப்படிச் செய்வாராம்.

கிளிப்பைத் திறந்தேன். கொட்டியது சார்! அட்டைப்பெட்டியில் போட்டிருந்த அதே 'கொட்டும்'. ஒரு சொம்பு நாலு நிமிஷத்தில் நிறைந்தது. அம்மா கை தட்டினார்.

நான் அந்தச் சொம்பை எடுத்துப்போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

"அடக் கண்ணு! இத்தனை பாடுபட்டுச் செடிக்கா ஊத்தற?"

"அடைப்புதான் போயிருக்குதுங்கம்மா. லாட்ஜ் கிருமி போச்சான்னு தெரியாது. வீட்டுக்குப் போய்க் குளோரின் கலந்த தண்ணீரில் ஊற வச்சு அலசணும். அதுவரைக்கும் செடிதான் குடிக்கணும்."

"அதுவும் காமாலை வந்து மஞ்சளாப் போகப் போகுது" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

பொழுது சாய நாமக்கல் பஸ் வந்தது. என் காலி பாட்டிலில் காய்ச்சின தண்ணீரை நிரப்பி மூடியைத் திருகி, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். பஸ் கிளம்பும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மறுபடியும் பதினஞ்சு வருசம் ஆக்கிராதே."

வழியெல்லாம் கோழிப் பண்ணைகள். ஆயிரக்கணக்கில் கோழிகள் கூண்டுக்குள்ளிருந்து நிப்பிள் குழாயைக் கொத்திக்கொத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அங்கேயும் சொட்டுத்தான். நாமக்கல் நெருங்கியதும் ஒற்றைப் பாறையாக மலைக்கோட்டை இருட்டில் எழுந்தது. அதன் கீழே எங்கேயோ, கூரையில்லாத கோயிலில், பதினெட்டு அடி ஆஞ்சநேயர் நின்றுகொண்டிருப்பார்.

செல்போன் அடித்தது. மனைவி.

"தண்ணி பாத்துக் குடிக்கிறீங்கதானே? ஃபில்டர் நல்லா வேலை செய்யுதா?"

"சூப்பரா வேலை செய்யுது."

"அதுலதானே குடிச்சீங்க?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன். பெரிய கதை."

பக்கத்து சீட்டுக்காரர் வெகு நேரமாக என் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாமக்கல் லாரிப் பட்டறையில் வேலையாம். "தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?" என்றார். கொடுத்தேன். அண்ணாந்து குடித்தவர் பாதியில் நிறுத்தி உதட்டைத் துடைத்தார்.

"அட, சீரகத் தண்ணிங்களா! எந்தக் கடையிலங்க?"

"கடை இல்லீங்க. வீட்டுத் தண்ணி."

மறுபடி அண்ணாந்தார். பாட்டில் திரும்பி வந்தபோது நாலு விரற்கடை மிச்சம் இருந்தது.